நாலு பேர் பேசிய விலை

2021 செப்டம்பரில் வேப்பம்பட்டிலுள்ள என் அலுவலகத்துக்கு ஒரு பிரஸ் ஷாப்காரர் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாடகைக் கொட்டகை, மூன்று பவர் பிரஸ், ஆறு ஆட்கள். தகட்டு ஸ்பிரிங்கும் கிளிப்பும் அடித்துக் கொடுப்பவர். வாங்கிய கம்பெனி பதினான்கு பில்லுக்கு ஒன்பது மாதமாகப் பணம் தரவில்லை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. உத்யம் பதிவு இருந்தது, டெலிவரி சலானில் கம்பெனி சீல் இருந்தது. கிண்டியில் வசதியாக்கக் கவுன்சிலில் மனு போட்டேன்.

எதிர்த்தரப்பின் பதிலுரையோடு ஒரு வாட்ஸ்அப் பிரிண்ட் வந்தது. "ரெண்டு எண்பதுக்குக் கீழ யாரும் கோட் பண்ணாதீங்க." நாலு ஷாப்காரர்கள் சேர்ந்த குரூப்பில் என் கட்சிக்காரரே போட்டது. இது கார்டெல், போட்டி ஆணையத்துக்குப் போவோம் என்றது பதிலுரை.

அன்று இரவே அவரை வரச்சொன்னேன்.

"தனித்தனியா கூப்பிட்டு, அவன் இவ்வளவுக்குத் தர்றான், நீ குறைன்னு சொல்றாங்க சார். கடைசியில தகடு விலைக்கே கட்டல. அதான் நாலு பேரும் பேசி வச்சோம். தப்பா?"

தப்புதான் என்றேன். போட்டியாளர்கள் கூடி விலை பேசினாலே சந்தைக்குக் கேடு என்று 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அனுமானிக்கிறது. சிறிய ஷாப் என்று விலக்கு இல்லை. அவர் நம்பவில்லை. ஒரு உதாரணம் சொல்வதற்காக, மூலையில் கிடந்த பழுதான ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து காட்டினேன். கண்ணாடி போன்ற தட்டு, அதன்மேல் நீளும் கை, கையின் நுனியில் விரல்நகம் அளவுக்கு மெல்லிய எஃகுத் தகடு. தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும்போது, படிக்கும் முனையைத் தட்டில் உரசாமல் தாங்குவது அதுதான். அவர் அதை நகத்தால் மெல்ல நெம்பிப் பார்த்தார். "இதுவும் தகட்டு ஸ்பிரிங்தான் சார்."

இந்தத் தகட்டைச் செய்பவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். இதை வைத்து ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்களும் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்றே பேர். தகடு செய்பவர்களில் ஜப்பானின் என்.எச்.கே. ஸ்பிரிங், போட்டியாளர்களோடு விலையைப் பேசி வைத்துக்கொண்டது. 2008 மே முதல் 2016 ஏப்ரல் வரை நடந்தது என்பது அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு. 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடியே 85 லட்சம் டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. வாங்குகிறவன் கை ஓங்கியிருந்தது என்பது அங்கேயும் தப்பிக்க வழியாகவில்லை.

அவர் வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் மனம் கனத்தது. வாங்குகிறவன் தனித்தனியாக நசுக்கினால், சந்தையில் அவனுக்கு ஆதிக்கம் இருப்பதை நிரூபித்தால்தான் 4ஆம் பிரிவு உதவும். ஆறு ஆள் வைத்திருக்கும் ஷாப்புக்கு அது எட்டாத வேலை. இது சட்டத்தில் உள்ள குறை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் வழக்கு அந்த மெசேஜில் இல்லை, தேதியில் இருந்தது. மெசேஜ் 2021 மார்ச் மாதத்தது. பதினான்கு பில்லும் 2020இல் போட்ட பர்ச்சேஸ் ஆர்டருக்கானவை. அதில் இருந்த விலை கம்பெனியே எழுதியது, பீசுக்கு இரண்டு ரூபாய் பத்து பைசா. பேசி வைத்ததாகச் சொல்லப்பட்ட விலைக்கு ஒரு பீஸ்கூட விற்கவில்லை. ஆர்டர்களையும் சலான்களையும் வரிசையாகக் கட்டி வைத்தேன். சமரசம் முறிந்து நடுவர் விசாரணைக்குப் போனது. அசலும் கூட்டுவட்டியும் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போக முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். கம்பெனி போகவில்லை, பணத்தைக் கொடுத்தது. போட்டி ஆணையத்துக்கும் போகவில்லை.

குரூப்பை அன்றிரவே கலைக்கச் சொன்னேன், கலைத்தார்கள். சேர்ந்து விலை பேசத்தான் கூடாது. நிலுவைக்காக நாலு பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு மனு போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சப்ளை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சலானில் தேதியோடு சீல் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.