கிணற்றுக் கணக்கும் கடற்கணக்கும்

சென்ற கோடையில் சிவகாசிப் பக்கத்து இளைஞர் சிலருடன் புதுவை சென்றிருந்தோம். அங்குள்ள பழைய கடற்பாலம் 2022 மார்ச்சில் கடற்சீற்றத்தால் ஒரு பகுதி இடிந்துபோயிற்று.

“முழுதாய் நின்றிருந்தால் நுனியிலிருந்து தலைகீழாய்ப் பாய்ந்திருப்போம், சாமி!” என்றான் ஒருவன். நமக்கு நெஞ்சு பதைத்தது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நால்வருக்குமேல் வேலை செய்யலாகாது என்னும் விதியை நன்கறிந்த பிள்ளை அவன்!

விருதுநகர்க் கரிசற்காட்டுக் கிணறுகளில் பம்புசெட் அறைக் கூரையேறிக் குதித்து வளர்ந்தவர்கள் இவர்கள். அங்கே மொத்தப் படிகளில் வெளியே தெரிபவற்றைக் கழித்தால் நீரின் ஆழம் விளங்கிவிடும். (கோடையில் அதையும் எண்ணாது பாய்வோர் உண்டு.) கடலுக்கோ படிகள் இல்லை. நேற்று இரண்டாள் ஆழமிருந்த இடத்தில் இன்று அலை மணலைக் குவித்திருக்கும். இடிந்த தூணின் கம்பியும் கலங்கல் நீரில் புலப்படாது. தலை அடித்தரையில் மோதினால் கழுத்து முள்ளெலும்பு முறிந்து, தண்டுவடம் நசுங்கி, கைகால்கள் வாழ்நாள் முழுதும் செயலற்றுப் போகலாம். அவ்வாறு அடிபட்டவரைக் கழுத்து அசையாதவாறு பலகையில் கிடத்தியே தூக்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள், அதே பிள்ளை தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு கிணற்றடியில் நிற்கக் கண்டோம். இருபது படிகளில் பதினேழு வெளியே தெரிந்தன.