நிலத்தடி வழியே தங்கசாலைக்கு

எங்கள் இல்லத்திலே நாவலர் பெருமானின் பாலபாடம் ஒன்று இருந்தது. பாட்டனார் கைபட்ட பிரதி. அதன் முகப்பில் ‘சென்னபட்டணம் வித்தியாநுபாலன யந்திரசாலை’ எனப் பொறித்திருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தில் என் நாவைத் திணறடித்த தொடர் அது. 2004 டிசெம்பர் 26இல் நாவலடியிற் புகுந்த கடல் வீட்டோடு அந்நூலையும் கொண்டுபோயிற்று. உயிர் எஞ்சினோம், நூலைப் பற்றி அன்று பேசியவர் எவருமில்லை.

2023இல் சென்னை செல்ல நேர்ந்தது. யந்திரசாலை இருந்த தங்கசாலைத் தெருவைக் காண்பதே உள்ளக் கருத்து. விமான நிலையத்திலேயே மெட்ரோ ரயில் காத்திருந்தது. வழக்கம் விடாமல் நாம் அதனைப் புகையிரதம் என்போம். புகையுமில்லை, இரைச்சலும் அதிகமில்லை. சின்னமலை வரை மேம்பாலத்தில் ஓடிப் பின்னர் நிலத்துள் நுழைந்தது. அடையாறும் கூவமும் தலைக்குமேல் ஓடின, ஒன்றையும் கண்டிலேன். கல்லடிப் பாலத்தைக் கடக்குந்தோறும் வாவியை நோக்கிப் பழகிய கண்ணுக்கு இஃது ஒரு குறையே. இறங்கிய சென்ட்ரல் நிலையம் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கியது. நாவலப்பிட்டியிற் பிறந்தவர் பெயரைப் பட்டணத்து வாயிலிலே கண்டபோது சிறிது பெருமிதம் தோன்றியதை மறைப்பானேன்?

அங்கிருந்து நடந்தேன். முதலில் கந்தகோட்டம்; வள்ளலார் இளமையிற் பாடிப் பணிந்த சந்நிதி. அவர் பாடல்களை அருட்பா எனல் தகாதென 1869இல் மறுப்பு எழுதியவர் நாவலர். இவ்விருவரையும் இரு துருவங்களாக நிறுத்திப் பல்லாண்டு கற்பித்தவன் நான். ஒரே நிலையத்தில் இறங்கிக் கால்நடையாகவே இருவர் இடத்தையும் அடையலாம் என எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. சந்நிதியில் நெடுநேரம் நின்றேன். மாணவர்க்குக் கூறியவற்றுட் சில மனத்தை உறுத்தின.

தங்கசாலைத் தெருவிலோ வடநாட்டு வணிகர் கடைகள், கைவண்டிகள், நெய்யிற் பொரியும் இனிப்பின் மணம். ‘யந்திரசாலை’ எங்கே என வினவினேன். ஒருவர் மிக்க அன்போடு மாவரைக்கும் ஆலைக்கு வழி காட்டினார்! உச்சிவேளை வரை தேடியும் அடையாளம் எதுவும் அகப்படவில்லை.

மாலையில் மயிலாப்பூர். நம் விபுலாநந்த அடிகள் 1922இல் சேர்ந்த இராமகிருஷ்ண மடம் அங்குளது. அவ்வூரில் அப்போது ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தனர். ஆகவே பேருந்திற் சென்று வணங்கினேன்.

ஊர் திரும்பியதும் அம்மா, “கண்டியா மகன், அந்தப் புத்தகம் அடிச்ச இடத்தை?” என்றார்.

“தெரு இருக்குதம்மா” என்றேன்.