முடிவிலிருந்து தொடங்கும் கதைகள்

பத்திரிகைத் தொழிலுக்கு வருவோருக்கு முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும் பாடம் ஒன்றுண்டு. செய்தியை அதன் முடிவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அது. எத்தனை பேர் இறந்தனர், எங்கே, எப்போது என்பன முதற் பந்தியில் வரும். எப்படி நேர்ந்தது என்பது அடுத்து. அதற்கு முன் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பன கடைசியில். 'தலைகீழ்ப் பிரமிட்' என்று இதற்குப் பெயர். பல்லாண்டுகள் இவ்வாறே எழுதிப் பழகிய எனக்கு, முடிவில் தொடங்கிப் பின்னோக்கி நகரும் திரைப்படம் ஒன்று வியப்பளித்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் 'மெமென்டோ' என்னைப் பல நாட்கள் விடவில்லை.

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2000இல் வெளிவந்த அப்படத்தை, சில ஆண்டுகள் கழித்து ஹல்துமுல்லையில் ஒரு நண்பரின் வீட்டில்தான் பார்த்தேன். நண்பர் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் இறுவட்டைக் கொண்டுவந்திருந்தான். பெரகலைப் பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்க, நாங்கள் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். அரை மணி நேரத்தில் நண்பர், "இது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியலையே" என்றார். படத்தின் நோக்கமே அதுதான்.

இனி வருவதில் கதையின் முடிச்சு அவிழும். படம் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பந்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

கதாநாயகன் லெனார்ட், காப்புறுதி நிறுவனத்தின் விசாரணை அலுவலராக இருந்தவன். வீடு புகுந்தவர்கள் மனைவியைத் தாக்கிய இரவில் அவன் தலையிலும் அடிபடுகிறது. அதற்கு முந்தியவை நினைவில் இருக்கின்றன. பிந்தியவை எவையும் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. உடலில் பச்சை குத்திய வாசகங்களையும், உடனடிப் புகைப்படங்களின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளையும் நம்பி, மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான். வண்ணக் காட்சிகள் பின்னோக்கியும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் நகர்ந்து இறுதியில் ஒன்றில் ஒன்று சேர்கின்றன. ஒவ்வொரு வண்ணக் காட்சியும் தொடங்கும்போது, சற்றுமுன் என்ன நடந்தது என்பது லெனார்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவனுடைய மறதியை இயக்குநர் நம் மீதும் ஏற்றிவிடுகிறார்.

டெடி என்பவனை லெனார்ட் சுட்டுக் கொல்வது முதற் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. எனவே 'அடுத்து என்ன' என்று கேட்க வழியில்லை. 'ஏன்' என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது. அந்த ஏனுக்கு விடை படத்தின் கடைசியில், அதாவது கதையின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. தான் மறந்துவிடுவோம் என்பதை நன்கறிந்தே, டெடியின் கார் எண்ணைக் கொலைகாரனின் எண்ணாக லெனார்ட் தானே குறித்துக்கொள்கிறான். மறதி அவனுக்கு நேர்ந்த விபத்து. அதைப் பயன்படுத்திக்கொண்டது அவனுடைய தேர்வு.

இந்தப் படத்தின் சிறப்புப் பதிப்பு இறுவட்டில், காட்சிகளைக் கால வரிசைப்படி பார்க்கும் வசதியும் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. பின்னொரு நாள் அப்படியும் பார்த்தேன். கதை தெளிவாக விளங்கியது. ஆனால் அந்தத் தேர்வு தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுவதால், பிறகு நடப்பவை எவையும் நெஞ்சைத் தொடவில்லை.

தமிழுக்கு இத்தகைய முயற்சி அந்நியமன்று. ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இலேயே வந்தது. பாடல்கள் இல்லை. 1943இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களைப் பின்னணியாகக் கொண்ட அப்படத்தில், தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுட்டுக் கொல்லப்படுகிறார். பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் கதையைச் சொல்லச் சொல்ல, இறந்தவர் யார் என்பது விளங்குகிறது. 2004இல் கமல்ஹாசன் 'விருமாண்டி'யில் ஒரே நிகழ்வை இருவர் வாயிலாகச் சொன்னார். 2005இல் வந்த 'கஜினி'யோ 'மெமென்டோ'வின் நோயையும் பச்சைகுத்தலையும் எடுத்துக்கொண்டு, வரிசையை விட்டுவிட்டது. மக்கள் அதைக் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் அங்கே மறதி கதாநாயகனுக்கு மட்டுமே. பார்ப்பவர் எதையும் மறக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்தது ஒரு செய்திதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் அறைகளை மூடியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்ததால் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு மட்டுமே இருந்தது. முதல் நாள் செய்திகளில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கானோர் எனப்பட்டது. பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. எல்லாச் செய்திகளும் முடிவிலிருந்தே தொடங்கின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்ற தகவல் அடிப்பந்திகளில் கிடந்தது.

சில மாதங்கள் கழித்து ஹல்துமுல்லைக்குப் போனபோது நண்பர் அக்கதையைத் தலையிலிருந்து சொன்னார். கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டப்பட்ட காடு, சரிவில் வரிசையாகக் கட்டிய லயன்கள், சொந்தக் காணியின்றித் தொழிலோடு பிணைந்த குடியிருப்பு, பிறகு எச்சரிக்கைகள் என்று ஒவ்வொன்றாக வந்தார். "எழும்பிப் போன்னு சொன்னாங்க சரி, எங்க போறது? அதை யாரும் எழுதலையே" என்றார். கடைசியாகத்தான் அந்தக் காலையைப் பற்றிப் பேசினார்.

செய்திப் பக்கத்தில் இடம் போதாவிடில் கீழிருந்து வெட்டுவது மேசையின் வழக்கம். தலைகீழ்ப் பிரமிட் உருவானதன் வசதியும் அதுவே. ஆனால் கீழே இருப்பது எது? கதையின் தொடக்கம். நோலன் முடிவிலிருந்து புறப்பட்டு, அந்த முதல் தீர்மானம் வரை நம்மை நடத்திச் செல்கிறார். நாம் முடிவிலிருந்து புறப்பட்டு, இடம் தீர்ந்த இடத்தில் நின்றுவிடுகிறோம். மறுநாள் புதிய முடிவொன்று முதற் பக்கத்துக்கு வந்துவிடும். குறிப்புகளும் படங்களும் நம்மிடமும் குவிந்து கிடக்கின்றன, லெனார்டிடம் இருந்ததைப் போலவே.

மீரியபெத்தையில் தப்பியோருக்கு 2016இல் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. எனினும் ஊவாவின் சரிவுகளில் லயன்கள் இன்னும் இருக்கின்றன. 2025 நவம்பரில் 'டித்வா' புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன.

மழைக்காலம் வந்தால் ஹல்துமுல்லையின் பெயர் மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும். நாளிதழின் உட்பக்க மூலையில் நான்கு வரிகளில் அது வந்து போகும். அதை இனிமேல் முடிவு எழுதப்படாத ஒரு கதையின் முதற் காட்சியாக வாசியுங்கள் என்பதே வாசகர்களிடம் என் வேண்டுகோள். பத்திரிகை மேசைகளில் இன்று அமர்ந்திருக்கும் இளையவர்களிடமும் ஒன்று கேட்பேன். இடம் போதாவிடில் வேறெதையாவது வெட்டுங்கள். 2005, 2011 போன்ற ஆண்டுகள் வரும் பந்தியை விட்டுவையுங்கள்.