டிரான்ஸ்பர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

எங்கள் ஊரில் ‘டிரான்ஸ்பர்’ என்ற சொல்லை அறியாதார் எவருமில்லை. வாத்தியாருக்கு டிரான்ஸ்பர், கிராம நிர்வாக அலுவலருக்கு டிரான்ஸ்பர். பள்ளியை விட்டுப் போகும் பையன் கேட்டு வாங்கும் டி.சி.யின் முதலெழுத்தும் அதுவே. ஆனால் ஒரு மனிதரை 5 கோடி பவுண்டு கொடுத்து வாங்குவதற்கும் அதே சொல்தான் என்பது, எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் அவர்கள் தந்த ஒற்றைத் தாளைப் படித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

ஆங்கிலத்தில் தடுமாறும் எங்களைப் போன்றோருக்காக அவர் வாரம் ஒரு மாலையில் தனி வகுப்பு நடத்துகிறார். ஒரு தாள் தருவார். எளிய ஆங்கிலம், பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள், அடியில் கேள்விகள். அந்த வாரத் தாள் 2014-ஆம் ஆண்டுக் கால்பந்துச் செய்தி ஒன்றைத் தழுவி அவரே எழுதியது. பெர்னாண்டோ டோரஸ் என்னும் ஸ்ட்ரைக்கர் கோல் போடத் திணறுகிறார். செல்சி அணியை விட்டு இத்தாலிக்குப் போகலாம். இவ்வளவுதான் செய்தி. ஸ்ட்ரைக்கர் என்றால் நமக்குக் கேரம் பலகையில் சுண்டுவது அல்லவா? வகுப்பே சிரித்தது.

‘மே’ என்னும் துணைவினையைப் பழக்கவே அந்தத் தாள். “நீ போகலாம்” என்று பேராசிரியர் சொன்னால் அது அனுமதி. “அவன் போகலாம்” என்று நண்பன் சொன்னால், போவானோ மாட்டானோ தெரியாது. ஆங்கிலத்து ‘மே’யும் இப்படியே இரு முகம் உடையது! அந்நிய மொழி அன்றுதான் என்னிடம் சற்று உறவுக்காரன் போல நடந்துகொண்டது.

தாளோடு என் ஆவல் அடங்கவில்லை. கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஸ்பெயின் நாட்டவரான டோரஸ், லிவர்பூல் அணிக்கு வந்த முதல் பருவத்திலேயே லீக் ஆட்டங்களில் 24 கோல் போட்டவர். 2008-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோல் அவருடையது. 2011 ஜனவரி 31 அன்று செல்சி அவரை வாங்கியது. அதுவரை எந்த பிரிட்டிஷ் அணியும் ஓர் ஆட்டக்காரருக்கு அவ்வளவு விலை கொடுத்ததில்லை. அதன்பின் என்ன நேர்ந்தது? 903 நிமிடங்கள், அதாவது 15 மணி நேரத்துக்கும் மேலாக ஆடியும் ஒரு கோல் இல்லை! ஏப்ரல் 23 அன்று நல்ல மழை. தரையில் தேங்கிய நீரில் பந்து சிக்கி நின்றது. அந்தத் தண்ணீரின் தயவில்தான் செல்சிக்காக முதல் கோல் பிறந்தது.

“வாரச் சம்பளமே இலட்சக்கணக்கில் வாங்குபவர் திணறினால் உனக்கென்ன?” என்று அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனாலும் அத்தனை ஆயிரம் பேர் நடுவே அந்த 15 மணி நேரத்தை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

காரணம் பலவாறு சொல்கிறார்கள். 2010-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது என்கிறார்கள். லிவர்பூலில் முன்னே திறந்த வெளியில் பந்தைத் தள்ளுவார்கள், இவர் பாய்ந்து எடுப்பார். செல்சியில் அந்த வெளி அவருக்கு அமையவில்லை என்கிறார்கள். விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுங்காலம் மாட்டு வண்டி ஓட்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, வலத்துல பூட்டிப் பழகின மாட்டைக் கொண்டுபோய் இடத்துல பூட்டினா நேரா இழுக்காது. அதுக்காக மாடு கெட்டுப்போச்சுன்னு யாராவது சொல்லுவாங்களா?” என்றார்.

நண்பர்களே, அவர் டோரஸைப் பற்றித்தான் பேசினார். எனக்கோ வேறொன்று உறைத்தது. பள்ளியில் தமிழ் வழியில் இயற்பியலில் 100-க்கு 93 வாங்கியவன் நான். இங்கு முதல் பருவத்தில் 41. விசை ஃபோர்ஸ் ஆனது, முடுக்கம் ஆக்சிலரேஷன் ஆனது. கரும்பலகையில் சமன்பாடு புரியும், அதைச் சுற்றியுள்ள வாக்கியம் புரியாது. ஊரில் ஓர் உரக்கடையில் கணக்கெழுத ஆள் தேடினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான் என்பதால் வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதி, தேதி மட்டும் போடாமல் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

டோரஸ் 2014-இல் மிலான் போனார். அங்கும் 10 ஆட்டத்தில் ஒரே கோல். ஆக இடம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2015 ஜனவரியில், தாம் சிறுவனாய் வளர்ந்த அட்லெடிகோ மாட்ரிட் அணிக்குத் திரும்பினார். அன்று ஆட்டம் ஏதுமில்லை; அவரைப் பார்க்க மட்டுமே சுமார் 45,000 பேர் வந்து அரங்கில் அமர்ந்தார்களாம். அதே மாதம் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல். முதலாவது ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே!

மூன்றாம் பருவத்தில் எனக்கு இயற்பியலில் 58. விண்ணப்பம் இன்னும் நோட்டுக்குள் தேதியின்றி இருக்கிறது, கிழித்தெறியவும் இல்லை. போன வாரத் தாள் மழையைப் பற்றியது. பதினோரு வாக்கியங்களில் ஏழு ‘மே’ வந்தது.