ஆச்சி வீட்டுத் திண்ணை

இடிச்சுட்ட ஆச்சி வீட்டுத் திண்ணையை 2020-ல த்ரீ.ஜேஎஸ் லைப்ரரில 3D-யா வரைஞ்சு வச்சிருந்தேன்.
நேத்து ராத்திரி அந்த லைப்ரரியைப் புதுப் பதிப்புக்கு மாத்தினேன்.

திண்ணையே வரல. சிவப்பு எர்ரர்.
ஜியோமெட்ரி கிளாஸை 125-ஆம் பதிப்புலயே எடுத்துட்டாங்க. பஃபர்ஜியோமெட்ரிக்கு மாத்தி எழுதினேன்.

வீடு வந்துச்சு. ஆனா மங்கலா, இருட்டா.
இப்ப எர்ரர் ஒண்ணும் இல்ல. அதான் கொடுமை.

ரெண்டு மணி நேரம் தேடினேன்.
பழைய பதிப்பு விளக்கோட இன்டென்சிட்டியை உள்ளுக்குள்ள பை மதிப்பால பெருக்கிக்கிட்டிருந்திருக்கு. 155-ல இருந்து அது தானா நடக்காது. (கணக்கு சரியா இருக்கணும்னு மாத்தினது. நியாயம்தான்.)

இன்டென்சிட்டியை 3.14-ஆல பெருக்கினேன்.
தூண் மேல அந்த சாயங்கால வெயில் திரும்ப விழுந்துச்சு.
பாத்துக்கிட்டே இருந்தேன்.

நிறம்தான் இன்னும் வெளுப்பா இருக்கு. 152-ல கலர் மேனேஜ்மென்ட் மாறினது.
அந்தச் செங்காவி எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் மங்குது.

யார்கிட்டயாவது காவி பூசின பழைய திண்ணை போட்டோ இருக்கா?