மூசைக்கு அருகே எழுதிய பாடங்கள்

சுவாமிமலையின் பஞ்சலோக விக்கிரக வித்தையைப் புதிதாகக் கற்க வரும் இளைஞர்களுக்கென ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, தாளமானத்தையும் ஆயுத ஆபரண லட்சணங்களையும் விரித்துரைக்கும் சிற்ப நூல்கள் ஒருபுறமும், உலோகங்களின் உருகுநிலையை அட்டவணையிட்டுக் காட்டும் தொழில்நுட்ப நூல்கள் மற்றொருபுறமுமாக என் மேஜைமேல் குவிந்து கிடந்தன. இவ்விரண்டிலும் அகப்படாத விஷயங்களைத் தேடியே காவிரிக்கரையில் உள்ள அவ்வூர்ப் பட்டறை ஒன்றுக்குச் சென்றேன்.

தலைமை ஸ்தபதி அறுபதைக் கடந்தவர். வித்தையை ஒளிப்பவர் அல்லர். தேன்மெழுகில் முதல் உருவம் செய்வதைப் பற்றிக் கேட்டேன். "மெழுகோட குங்கிலியத்தைப் போட்டு, கடலெண்ணெய் விட்டுக் காய்ச்சணும். பதம் வந்ததும் இறக்கிடணும்" என்றார். பதம் என்பது எது என்று வினவினேன். "பதம்னா பதந்தாங்க" என்று சொல்லி, என்மேல் இரக்கம் கொண்டவர்போல் ஒரு மெழுகுத் துண்டை என் கையில் வைத்தார். நாற்பது ஆண்டுக் காலம் விரல்களிலே ஊறிப்போன ஞானத்தைச் சொல்லாக்கித் தர வேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாளும் நேர்ந்ததில்லை. அவருடைய தகப்பனாரும் அவருக்கு வாயால் சொல்லித் தந்தவரல்லர்.

அந்தப் பதத்தை எனக்கு விளக்கியவன், பட்டறையில் சேர்ந்து மூன்றாண்டே ஆன ஒரு சிஷ்யன். "சித்திரை வெயில்ல மெழுகு தொய்ஞ்சு விரல் நுனியெல்லாம் மழுங்கிப் போயிடும் சார், அப்போ குங்கிலியத்தைக் கூட்டுவாங்க. மார்கழிக் குளிர்ல வளைச்சா ஒடிஞ்சிடும், அப்போ எண்ணெய் கொஞ்சம் கூட விடணும்" என்று அவன் ஒரே மூச்சில் கூறியதில் ஒரு பாடமே அடங்கியிருந்தது. அவனுக்குத் தன் அறியாமை இன்னும் மறக்கவில்லை என்பதே காரணம். நிபுணர்களிடம் விஷயம் திரட்டச் செல்பவர்கள் பெரியவருக்கு வணக்கம் செலுத்திவிட்டு, அவருடைய இளைய சிஷ்யன் பக்கத்தில் போய் உட்கார்வதே உத்தமம் என்று நான் நினைக்கிறேன்.

பெரியவரிடமும் கற்க வழி இருந்தது. நான் கேட்கும்போது சூத்திரமாய்ப் பேசியவர், பையன்களின் கை பிசகும்போது மட்டும் காரண காரியத்தோடு பேசினார். ஆதலால் கேள்விப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, அவர் திருத்தும் வேளைகளுக்காகக் காத்திருக்கலானேன்.

விக்கிரகத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவுகோலாக்கிக் கொள்வது அவ்வூர் மரபு. சிற்ப நூல் உத்தம தசதாளம் என்னும் உயர அளவை 124 அங்குலமாகப் பகுக்கிறது. அடிக்கோலின் அங்குலம் அன்று அது, விக்கிரகத்தின் உயரத்தையே பங்கிட்டுப் பெறும் அலகு. ஆகவே சாணளவு மூர்த்தியாயினும் ஆளுயர மூர்த்தியாயினும் கணக்கு மாறுவதில்லை. ஒரு பையன் மடிப்பைச் சற்றே தளரவிட்டபோது, "இங்க நூல் பிசகினா முழங்கால்ல போய் நிக்கும்டா" என்று கூறி, பிழை எவ்வாறு மடிப்புக்கு மடிப்பு பெருகுகிறது என்பதை ஸ்தபதி பிரத்தியட்சமாகக் காட்டினார்.

மெழுகுருவின்மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். ஆபரணத்தின் நுணுக்கமெல்லாம் அந்த மெல்லிய பூச்சிலேதான் பதிகிறது. பின்னர் வருபவை முரட்டு மண் பூச்சுகள், அவற்றுக்குப் பலமாக இரும்புக் கம்பிக்கட்டு. நிழலில் உலர்ந்தபின் வறட்டி நெருப்பில் வாட்டினால் மெழுகு உருகி வெளியேற, உள்ளே வெற்றிடமாய் நிற்கும் வடிவத்தில் உலோகம் புகுகிறது. மெழுகின் எடைக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்பதால், மண் பூசுமுன் மெழுகுருவை நிறுத்துக் குறித்துக்கொள்ள மறந்தவன் உலோகம் உருக்கும் மூசையில் எவ்வளவு போடுவான்?

மண் அச்சில் ஈரம் எஞ்சியிருந்தால் நேர்வது வேறு. உருகிய உலோகம் பட்டதும் அந்த ஈரம் நீராவியாகிச் சீறும். அச்சு வெடித்து உலோகத்தை ஆள்மேல் தெறிக்கச் செய்துவிடும். தாமிரம் உருகுவதற்கு 1,085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த வரியை வாசித்துக் காட்டியபோது, ஸ்தபதி ஆட்சேபிக்கவில்லை; உலை ஜ்வாலையில் பச்சை ஓடுவதையும் பக்கத்தில் எழுதும்படி சொன்னார். அச்சின் சூட்டைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருந்ததற்குத்தான் கோபித்துக் கொண்டார். ஆறிய அச்சில் ஊற்றினால் உலோகம் கைவிரல் வரை ஓடாமல் நடுவழியிலேயே உறைந்துவிடும் அல்லவா? அந்தப் பக்கத்தை முற்றிலும் மாற்றி எழுதினேன்.

கண் திறக்கும் சடங்கைப் பற்றி எழுத அவர் சம்மதிக்கவில்லை; நானும் வற்புறுத்தவில்லை. அது ஸ்தபதியிடம் நேரில் கேட்டறியத் தக்கது என்ற ஒரு வரி மட்டும் புத்தகத்தில் நிற்கிறது.

பயிற்சியின் இறுதித் தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பாடக்குழுவினர் எழுத்து வினாக்களை விரும்பினார்கள். ஸ்தபதியோ, காய்ந்த அச்சு ஒன்றையும் காயாத அச்சு ஒன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, எதில் வார்க்கலாம் என்று மாணவனைத் தட்டிப் பார்த்துச் சொல்லச் செய்தால் போதும் என்றார். குழு அதற்கு இசைந்தது. மதிப்பெண் விஷயத்தில்தான் இன்னும் வழக்கு தீரவில்லை: தவறாகச் சொன்னவனுக்குப் பூஜ்யம் போடலாம் என்பது குழுவின் கருத்து, அவன் அந்த வருஷம் முழுவதும் வார்ப்புக் குழிப் பக்கமே வரக்கூடாது என்பது ஸ்தபதியின் கட்சி.