பங்காளிச் சண்டையில் பல்லவராயர்

தம்பிகளே, தங்கச்சிகளே, யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்கிற வயது உங்களுக்கு வந்துவிட்டது. கட்சி, சாதிச் சங்கம், வீட்டுப் பாகப்பிரிவினை என்று எங்கேயாவது உங்களைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். அதற்குமுன் பல்லவராயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1170-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாண்டிய அரியணைக்காகப் பங்காளிகள் மோதினார்கள். மதுரையில் இருந்த பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். பராக்கிரமன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். இலங்கைப் படை வருமுன்பே பராக்கிரம பாண்டியனைக் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் அந்தப் படையின் தளபதி இலங்காபுரன் ராமேசுவரத்தைக் கைப்பற்றி, இறந்தவனின் மகன் வீரபாண்டியனுக்காகப் போரிட்டான். குலசேகரன் தாய்மாமன்மாரின் கொங்கு நாட்டிலும் நம் திருநெல்வேலிச் சீமையிலும் ஆள் திரட்டினான். அதுவும் போதாமல் சோழனிடம் போய் நின்றான்.

சோழர் படையை நடத்தி வந்தவர்தான் திருச்சிற்றம்பலமுடையான் பெருமான் நம்பி பல்லவராயர். இலங்கைப் படையை முறியடித்து, அதன் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் அறைந்து வைத்தார். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டையில் உள்ள கல்வெட்டு இதைப் பெருமையோடு சொல்கிறது. எனக்கு இதில் பெருமை தோன்றவில்லை.

அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இவரை உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டாம் ராஜராஜ சோழன் இறந்தபோது அவன் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். தகப்பன் போன வீட்டில், அதுவும் அரண்மனையில், அந்தப் பச்சைப் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல்லவராயர் அவர்களை ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து பத்திரமாக அப்புறப்படுத்திக் காத்தார். அவர்களை முன்னால் நிறுத்தித் தாமே நாட்டை ஆளவும் வழி இருந்தது. அவரோ, மறைந்த மன்னன் குறித்து வைத்த எதிரிலிப் பெருமாளுக்கே முடிசூட்டினார். இவன்தான் இரண்டாம் ராஜாதிராஜன். கேட்க ஆளில்லாத இடத்தில் காட்டிய இந்த நேர்மைதான் என் கண்ணுக்கு அவருடைய பெரிய வெற்றி.

மதுரை வெற்றியோ நிலைக்கவில்லை. எவனுக்காகச் சோழர் படை ரத்தம் சிந்தியதோ அந்தக் குலசேகரனே பின்னர் இலங்கையோடு கைகோத்தான். வாசலில் இருந்த தலைகளையும் எடுக்கச் செய்தான். சோழர்கள் உடனே கட்சி மாறி, நேற்றுவரை எதிரியாயிருந்த வீரபாண்டியனை அரியணையில் ஏற்றினார்கள். அதைப் பார்க்கப் பல்லவராயர் உயிரோடு இல்லை.

அதனால்தான் பிள்ளைகளே, நம் ஊர்ப் பாகத் தகராறுகளில் யாராவது ஆள்பலம் கேட்டு வந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை யார் பார்க்கிறார்கள், வயதான அம்மாவுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். பதில் வராத பக்கத்துக்குப் போகாதீர்கள். வெளியாளைக் கூட்டி வந்து பங்காளியை அடக்கலாம் என்பவரோடும் சேராதீர்கள். வந்தவர் தம் கணக்கைத்தான் பார்ப்பார்.

பல்லவராயர் இறந்தபின் அவர் குடும்பத்துக்கு வரியில்லா நிலம் கொடுத்தார்கள். அதுவும் கல்லில் இருக்கிறது. ஆனால் பாண்டி நாட்டில் இலங்கைப் படையிடம் பிடிபட்டவர்களை இலங்கைக்குக் கொண்டுபோய், அநுராதபுரத்துப் பெரிய தூபியைச் செப்பனிட வைத்ததாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. குலசேகரன் பின்னால் இந்தத் தாமிரபரணிக் கரையிலிருந்து போனவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தான். அவர்கள் வீட்டுக்கு நிலம் கொடுத்ததாக ஒரு கல்வெட்டையும் நான் பார்த்ததில்லை.